இருபது காசு, ஒரு பொதி: கண்டியில் விற்கும் மொங்கோலிய வெள்ளியை வாங்கலாமா?

பொதியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் "செங்கிஸ்கான் காலத்து வெள்ளிக் காசு – 20" என்று எழுதியிருக்கிறது. வெள்ளி என்பது சரி. இருபது என்பதும் சரி, ஒன்று குறைய. செங்கிஸ்கான் என்பதுதான் பிழை. அவர் 1227இல் இறந்துபோனார்; பொதிக்குள் ஆண்டு வாசிக்க முடிந்த காசுகளில் மிகப் பழையது 1322இல் அடித்தது. இடையில் கிட்டத்தட்ட நூறு வருடம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்தப் பொதியில் குறை சொல்ல வேண்டிய விஷயங்கள் பெரும்பாலும் காசில் இல்லை, காசைச் சுற்றி இருப்பவற்றில் இருக்கின்றன: தாள், உறை, துடைத்த விதம்.

விற்பது கண்டி நகரில் பழைய காசும் முத்திரையும் வைத்திருக்கும் ஒரு சிறு கடை. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக எடுத்து, பிரித்துப் பார்க்காமல் இருபது இருபதாகப் பொதி கட்டுகிறார்கள். ஒரு பொதி 52,000 ரூபா, அதாவது காசு ஒன்று 2,600. அதே கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர் எழுதித் தனித்தனியாக வைத்திருப்பவை 4,500 முதல் 8,000 வரை. வித்தியாசம் காசின் தரத்தில் பெரிதாக இல்லை. யார் காசு, எந்த ஊர் என்று வாசித்து எழுதியதற்கான கூலிதான் அந்த மேலதிக விலை. அந்த வேலையைத் தானே செய்யத் தயாராக இருப்பவருக்குப் பொதி லாபம். இல்லாவிட்டால் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்று மட்டும் வாங்குவது நல்லது.

காசுகள் தங்க நாடோடிக் கூட்டம் என்று அழைக்கப்படும் கான் ஆட்சியைச் சேர்ந்தவை. செங்கிஸ்கானின் மூத்த மகன் ஜோச்சியின் வழிவந்தவர்கள் வோல்கா நதியின் கீழ்ப்பகுதியில் சராய் என்ற நகரை அமைத்து ஆண்டார்கள். அவர்களுடைய வெள்ளிக் காசுக்குப் பெயர் தாங். சேகரிப்பவர்கள் திர்ஹம் என்றும் சொல்வார்கள். கசகஸ்தானின் இன்றைய நாணயமான தெங்கேயும் ரஷ்ய மொழியில் பணத்தைக் குறிக்கும் தெங்கி என்ற சொல்லும் இதற்கு உறவுச் சொற்கள். அளவு சிறியது: 15 முதல் 18 மி.மீ. குறுக்களவு, ஒன்றரை கிராமுக்குச் சற்று முன்பின். உள்ளங்கையில் வைத்தால் வெள்ளரி விதை அளவுக்குத்தான் பாரம் தெரியும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெரிய, கனமான மொங்கோலியக் காசு வேண்டுமென்றால் ஈரானை ஆண்ட இல்கான்களின் இரட்டைத் திர்ஹத்தைத் தேட வேண்டும். 1290களில் கஸான் கான் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு அது 4.3 கிராம் அளவில் வந்தது. இந்தப் பொதியில் அப்படி எதுவும் இல்லை.

பிரித்து வாசித்ததில் கிடைத்தது இது. உஸ்பெக் கான் (ஆட்சி 1313–1341) நான்கு: ஹிஜ்ரி 722 ஒன்று, 734 ஒன்று, 737 இரண்டு, எல்லாம் சராயில் அடித்தவை. அவர் மகன் ஜானி பெக் (1342–1357) எட்டு: ஆறு ஸராய் அல்-ஜதீத், அதாவது புதிய சராய், இரண்டு குலிஸ்தான். கிழ்ர் கான் ஒன்று, 762. மாமாய் என்ற தளபதியின் கைப்பாவையாக இருந்த அப்துல்லாஹ் ஒன்று. அடித்த இடம் ஓர்து, அதாவது நகரமே இல்லை, நகர்ந்துகொண்டிருந்த பாளையம். தோக்தமிஷ் கான் மூன்று. வாசிக்கவே முடியாதவை இரண்டு. போலி ஒன்று.

இந்த வகைக் கலப்புப் பொதிக்கு இது நியாயமான விகிதம்தான். ஜானி பெக் அதிகமாக இருப்பது அதிர்ஷ்டமல்ல. அந்தக் காலத்தில்தான் இந்த ஆட்சியின் பட்டறைகள் மிக அதிகமாகக் காசு அடித்தன, அதனால் உலகச் சந்தையிலும் அவைதான் மலிவு. கிழ்ர் கானின் காசு மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. 1359இல் ஜானி பெக்கின் மகன் பெர்தி பெக் கொல்லப்பட்ட பிறகு இருபது வருடம் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு கான்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் சில மாதம், ஒரு வருடம் என்று இருந்தாலும் சராயைப் பிடித்ததும் முதல் வேலையாகத் தங்கள் பெயரில் காசு அடித்தார்கள். அந்தக் குழப்பக் காலத்துக் காசுகள் பொதியில் ஒன்றிரண்டு ஒளிந்திருப்பதுதான் பிரித்துப் பார்க்காத பொதி வாங்குவதன் சுவாரசியம்.

நிறையைப் பார்ப்போம். இதற்கு 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும், நகை நிறுக்க விற்பதுதான். நிறுக்கும் முன் 20 அல்லது 50 கிராம் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மலைக்காற்று வரும் யன்னலைச் சாத்திவிட்டு நிறுக்கவும், இல்லாவிட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். உஸ்பெக் காசுகள் 1.44 முதல் 1.52 வரை; ஜானி பெக் எட்டில் ஏழு 1.46 முதல் 1.54 வரை, தோக்தமிஷ் மூன்றும் 1.36 முதல் 1.41 வரை. தோக்தமிஷ் குறைவாக இருப்பது தேய்மானத்தால் அல்ல. அவர் 1380இல் செய்த சீர்திருத்தத்தில் நிறைத் தரமே இறங்கியது. புதிய தரத்துக்கு மேல் நிறையிருந்த பழைய காசுகளை ஓரம் வெட்டிப் புழங்கவிட்டார்கள். பொதியில் எட்டாவது ஜானி பெக் அப்படிப்பட்டது: 1.39 கிராம், ஒரு பக்கம் கத்தரித்தது போல நேர்கோடு, அந்தக் கோட்டில் எழுத்து பாதியில் அறுந்து நிற்கிறது. கடைக்காரர் இதை "உடைந்தது" என்று ஒதுக்கி வைத்திருந்தார். உடைந்தது அல்ல. வெட்டுமுகமும் மற்றப் பரப்பைப் போலவே கறுத்திருந்தால் அது பழைய வெட்டு. வெட்டுமுகம் மட்டும் பளபளத்தால் நேற்றைய வெட்டு.

அடுத்தது வெள்ளியா என்ற கேள்வி. இதில் நம் பக்கத்து வழக்கங்கள் இரண்டும் காசுக்கு எதிரி. நகைக்கடையில் கொடுத்து உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது ஒன்று, அமிலத் துளி விடுவது மற்றது. 15 மி.மீ. காசில் ஒரு உரசல் போதும், ஓர் எழுத்து போய்விடும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் கெடுதல் இல்லை, பயனும் அதிகமில்லை. இரும்பு கலந்த போலியை மட்டும் பிடிக்கும், பித்தளையையும் ஈயத்தையும் விட்டுவிடும். கீழே போட்டு ஓசை கேட்பது வேண்டவே வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். வளைத்தால் வளையாது, பிஸ்கட் போல முறியும்.

சரியான வழி தண்ணீரில் அடர்த்தி பார்ப்பது. சிறு கடதாசிக் கோப்பையில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, குமிழி ஒட்டாமல் இருக்க. கோப்பையைத் தராசில் வையுங்கள். மெல்லிய நைலோன் நூலில் கட்டிய சின்ன வலையை மேலே ஒரு தாங்கியிலிருந்து தொங்கவிட்டு, வெறும் வலையைத் தண்ணீருக்குள் இறக்கி, தராசைப் பூச்சியமாக்குங்கள். பிறகு வலையில் காசுகளை வைத்து, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் காசுகள் விலக்கிய தண்ணீர். உலர்ந்த நிறையை அதனால் வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96, பித்தளை ஏறத்தாழ 8.5.

ஒரு காசை மட்டும் போட்டு இதைச் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒன்றரை கிராம் வெள்ளி விலக்கும் தண்ணீர் வெறும் 0.14 கிராம், தராசு 0.01 தவறினாலே விடை ஏழு வீதம் ஆடிவிடும். அதனால் சந்தேகமில்லாதவற்றை ஒன்றாகப் போட வேண்டும். பொதியின் பத்தொன்பது காசும் சேர்த்து 27.73 கிராம், விலக்கிய தண்ணீர் 2.68. அடர்த்தி 10.35, தொண்ணூறு வீதத்துக்கு மேல் வெள்ளி. எழுத்துகளுக்கிடையே ஒட்டியிருக்கும் மண்ணும் வெள்ளிக் குளோரைட்டும் இந்த எண்ணைச் சற்றுக் கீழே இழுப்பவை, ஆகவே உண்மைத் தரம் இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம்.

இருபதாவது 1.21 கிராம், தனியாகப் போட்டபோது 0.15 காட்டியது. அடர்த்தி எட்டுக்குப் பக்கம். தராசின் பிழையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் வெள்ளிக்கு எட்டாது. தண்ணீர் வரை போகாமலே கண்ணிலும் பிடிபட்டிருக்க வேண்டியது அது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் பரப்பெங்கும் ஊசி முனைக் குழிகள், எழுத்தின் ஓரங்கள் உருகிய மெழுகு போல மழுங்கல், விளிம்பில் அரத்தால் ராவிய கோடு. வார்ப்புப் போலியின் மூன்று அடையாளமும் ஒன்றாக. அசல் காசு சம்மட்டியால் அடித்தது. உலோகம் அமுங்கி வெளியே ஓடிய மெல்லிய கோடுகள் எழுத்தைச் சுற்றி இருக்கும், விளிம்பில் சிறு வெடிப்புகள் இருக்கும், அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அழகாக, வட்டமாக, எல்லா எழுத்தும் முழுமையாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரே இடத்தில் ஒரே மாதிரி விலகிய இரண்டு காசு ஒரு பொதியில் இருந்தால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும்.

அடகுக் கடைகளிலும் பெரிய நகைக்கடைகளிலும் இருக்கும் ஊடுகதிர் இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாம், அது காசைக் காயப்படுத்தாது. ஆனால் வரும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது மேல்தோலை மட்டும் வாசிக்கிறது. மண்ணில் கிடந்த காசின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்துபோய் வெள்ளி மட்டும் மிஞ்சியிருப்பதால் உள்ளே இருப்பதைவிட அதிக தரம் காட்டும். வெள்ளி வீதத்தைவிட, இயந்திரம் தரும் முடிவுத் தாளின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். கொஞ்சம் ஈயம், துளி தங்கம் காட்டினால் நல்ல அறிகுறி. அந்தக் காலத்துப் புடமிடும் முறையில் அவை முழுதாக நீங்குவதில்லை. கட்மியம் காட்டினால் பேச்சே இல்லை, அது இந்தக் காலத்துப் பொருள்.

வாசிப்புக்கு வருவோம், பணம் கொடுத்தது இதற்காகத்தான். எழுத்து அரபு. அக்குறணையிலோ கம்பளையிலோ அரபு நன்றாக ஓதத் தெரிந்தவரிடம் காட்டினாலும் முதலில் தயங்குவார். காரணம் எளியது: அச்சு வெட்டியவர்கள் புள்ளிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், இடம் போதாதபோது ஒரு சொல்லின் பாதியை மேல் வரிக்கு ஏற்றிவிட்டார்கள். அதனால் எழுத்தெழுத்தாகப் படிக்க முயலாமல், வரக்கூடிய சொற்களை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு அவற்றின் உருவத்தைத் தேட வேண்டும். சொற்கள் மிகக் குறைவு. ஒரு பக்கம் "அஸ்-ஸுல்தான் அல்-ஆதில்", நீதியுள்ள சுல்தான். அதன் கீழ் பெயரும் கானும். பெரும்பாலும் "கல்லத முல்கஹு", அவன் ஆட்சி நிலைக்கட்டும். மறு பக்கம் "ழுரிப", அடிக்கப்பட்டது, ஊர், ஆண்டு. சிலவற்றில் கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழி இருக்கும்.

பெயர்களுக்கு அடையாளம் உண்டு. உஸ்பெக் நேர்கோடாகத் தனியாக நிற்கும் அலிஃப் எழுத்தோடும் கொக்கி போன்ற வாவ் எழுத்தோடும் தொடங்கும். தோக்தமிஷ் நீண்ட தொடர், முடிவில் ஷீன் எழுத்தின் பற்கள் அரம் போலத் தெரியும். சராயில் அந்தப் பற்கள் தொடக்கத்தில். குலிஸ்தான் என்றால் முதல் எழுத்தின் நீண்ட சாய்கோடும் கடைசி எழுத்தின் ஆழமான கிண்ணமும் போதும், நடுவில் என்ன இருக்கிறது என்று கவலைப்பட வேண்டாம்.

ஆண்டில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். அரபு இலக்கத்தில் ஏழு, கவட்டை போல மேலே விரிந்திருக்கும். எட்டு, கூரை போலக் கவிழ்ந்திருக்கும். காசைத் தலைகீழாகப் பிடித்தால் ஏழு எட்டாகும், எட்டு ஏழாகும். எனவே முதலில் "ழுரிப" என்ற சொல்லை நிமிர்த்திப் பிடித்து, அதன் பிறகே இலக்கத்தைப் பார்க்க வேண்டும். எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் இலக்கம் இடமிருந்து வலம்தான், நூறு முதலில் வரும். இந்த ஆட்சியின் பொதுவான காசுகள் எல்லாம் எழுநூற்றுக் கணக்கு என்பதால் முதல் இலக்கம் கவட்டையாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிடித்த விதம் பிழை. இன்னொரு தொல்லை: அச்சில் கண்ணாடி விம்பமாக வெட்ட வேண்டியதை வெட்டுபவர் மறந்தால் காசில் இலக்கம் திரும்பி விழும். கடைக்காரர் ஒரு 734ஐ 437 என்று எழுதி வைத்திருந்தது இதனால்தான். 437 என்றால் 1045ஆம் ஆண்டு, மொங்கோலியர் வோல்காவைக் கண்ணால் காணாத காலம்.

ஹிஜ்ரியைக் கிறிஸ்து ஆண்டாக மாற்ற, ஹிஜ்ரியை 33ஆல் வகுத்து, வந்ததைக் கழித்து, 622ஐக் கூட்டுங்கள். 745 என்றால்: 33ஆல் வகுக்க 23 சொச்சம் குறைவு, கழித்தால் 722, கூட்டினால் 1344.

அந்த 745 பொதியில் ஒன்று இருக்கிறது, ஜானி பெக், புதிய சராய். சந்தை விலையில் தனிச் சிறப்பு எதுவும் இல்லாத காசு. ஆனால் இதே ஹிஜ்ரி ஆண்டில்தான் இபின் பதூதா மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, சிவனொளிபாத மலை ஏறினார். அதற்குப் பத்து வருடம் முன்னதாக அவர் உஸ்பெக் கானின் பாளையத்தில் விருந்தாளி. சராய் நகரத்தையும் பார்த்தவர். கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகு காலத்தில் கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகள் எழுந்ததும் அதே 1344தான். கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி. இலங்காதிலகப் பாறையில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. மலைநாட்டில் இருந்துகொண்டு ஒரே ஒரு தாங் வாங்குவதென்றால் கண்ணாடிப் பெட்டியில் 745ஐக் கேட்டு வாங்குங்கள். 747ம் கேட்கத் தக்கதுதான்: 1346, வோல்காப் பக்கமும் கிரிமியாவிலும் கொள்ளைநோய் பரவிய வருடம்.

வெள்ளிக் கட்டி கொண்டுவந்து காசாக்கிக்கொண்ட வணிகர்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. புளோரன்ஸ் வணிகர் பெகலொட்டி, அசோவ் கடல் ஓரத்துத் தானா நகரைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரு சோமோ வெள்ளிக் கட்டியிலிருந்து 202 காசு அடிப்பார்கள், கொண்டுவந்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது 190. மிச்சம் பன்னிரண்டு காசு பட்டறைக்கு, ஏறத்தாழ ஆறு வீதம். நம் ஆசாரிமார் சேதாரம் பிடிப்பது புதுப் பழக்கமல்ல.

இனிக் குறை. பொதியில் நான்கு காசு துலக்கப்பட்டிருக்கிறது. குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளியோ எலுமிச்சையோ போட்டு, பிறகு பொடி வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். உருப்பெருக்கியில் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரிகின்றன. விபூதி, பற்பசை, சோடா மா, வெள்ளி துடைக்கும் துணி எல்லாம் ஒரே கணக்குத்தான். கறுப்பு என்பது அழுக்கல்ல, வெள்ளியே கந்தகத்தோடு சேர்ந்து மேலே போட்டுக்கொண்ட மெல்லிய சட்டை. அதை எடுக்கும்போது கூடவே வெள்ளியும் போகிறது. அலுமினியத் தாளில் சுற்றிச் சோடாத் தண்ணீரில் போடும் வித்தையில் கீறல் விழாது. ஆனால் காசு உயிரற்ற சாம்பல் வெள்ளையாகி எழுத்தின் நிழல் போய்விடும், வாசிப்பது இன்னும் கஷ்டமாகும். மண் மட்டும் போக வேண்டுமென்றால் பெற்றோல் செட்டில் விற்கும் பெற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், பெற்றரி அமிலமல்ல) போதும். அதில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி, மூங்கில் ஈர்க்கின் நுனியால் மெல்லத் தள்ளினால் இளகும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் வெள்ளிக்கு ஆகாது. தேய்த்து உலர்த்தாமல் மென்மையான கடதாசியில் ஒற்றி எடுத்து, ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகுதான் உறையில் போட வேண்டும்.

பெரிய குறை உறை. பொதியோடு இலவசமாகத் தரும் அல்பம் மென்மையான, வாசனை வீசும் பிவிசி பிளாஸ்டிக். புது மழைக்கோட்டு வாசனை. அந்த வாசனையே ஆபத்து: பிவிசி நாளாக ஆக அமில ஆவியும் எண்ணெய்ப் பசையும் விடும், வெள்ளியில் கலந்திருக்கும் செம்பைப் பிடித்துப் பச்சை நிறப் பிசினாக்கும். ஈரமும் சேர்ந்தால் விரைவாக நடக்கும். இந்த மலையில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சுவர் வியர்க்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு அந்தத் தொல்லை வடகீழ்ப் பருவத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை. வாங்கிய அன்றே காசுகளை அந்த அல்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பிசுபிசுப்பு இருந்தால் சுத்த அசிட்டோனில் பத்து நிமிடம், யன்னலைத் திறந்து, அடுப்புக்குத் தூரமாக. நகப்பூச்சு நீக்கி அசிட்டோன் ஆகாது, அதில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும். ஃபைபர் வேலைக்கு விற்கும் கடையில் கேட்டால் சுத்தமானது கிடைக்கும்.

மாற்று மலிவானது. ஓரத்தில் அழுத்தி மூடும் சாதாரண பொலித்தீன் பை சிறியது, காசுக்கு ஒன்று. கூடவே அமிலமில்லாத கடதாசித் துண்டில் நிறை, கான், ஊர், ஆண்டு. நடுவில் வட்ட யன்னல் வைத்த அட்டைச் சட்டம் அழகாக இருக்கும், ஆனால் அதை அடிக்கும் பின் இரும்பு. ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துரு காசை நோக்கி ஊரும். துருவேறாத பின் இல்லாவிட்டால் ஒட்டும் வகைச் சட்டத்தை எடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஐந்து லீற்றர் டப்பாவுக்கு ஐம்பது கிராம் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறும் செம்மஞ்சள் வகை நல்லது. நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் 110–120 பாகையில் அவணில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் உழைக்கும். றப்பர் பட்டி, கம்பளித் துணி, பூச்சி உருண்டை, புதுப் பலகைப் பெட்டி எதுவும் காசுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சாமியறையும் வேண்டாம், கற்பூரப் புகையில் வெள்ளிக்கு நல்லது எதுவும் இல்லை.

கடையின் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. போலியைத் தராசோடும் தண்ணீரோடும் காட்டியதும் வாதாடாமல் வேறொன்று தந்தார்கள். தந்தது வாசிக்கக்கூடிய உஸ்பெக், 734. பற்றுச்சீட்டுக் கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. கேட்டு வாங்குங்கள், அதில் எந்த நாட்டிலிருந்து, எந்த வழியாக வந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ரஷ்யாவில் அனுமதியில்லாமல் உலோகக் கருவி கொண்டு தொல்பொருள் தோண்டுவது குற்றம். அப்படித் தோண்டியெடுத்த புதையல்கள் எங்கே கிடைத்தன, எதனோடு கிடைத்தன என்ற விவரம் அழிந்துதான் சந்தைக்கு வருகின்றன. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று எழுதித் தர முடியாத பொதிக்கு 52,000 கொடுக்கத் தேவையில்லை. உள்ளூரில் கிடைத்த சேதுக் காசு, ரிதி எனப்படும் வளைந்த வெள்ளிக் கம்பி போன்றவற்றை அதே மேசையில் கலந்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் கதை வேறு. தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாக வாங்குபவர்கள் கவனம்.

ஐந்துக்கு மூன்றரை. அல்பத்தையும் துலக்கலையும் நிறுத்தினால் நாலரை கொடுக்கலாம். பொதியைப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் பொதிகள் கண்ணாடித் தாளில் கட்டியவை, வெளிப்பக்கம் பத்துக் காசாவது தெரியும். சொந்த உருப்பெருக்கியோடு போங்கள், கடையில் இருப்பது கீறல் விழுந்தது. வார நாளில் காலைப் பத்து மணிக்குப் பிறகு கூட்டம் குறைவு. போயாவுக்கு மூடியிருக்கும்.